பார்க்கிங் தானா அமையும்

டீயில் சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் பத்தியம், விருந்தாளிகள் உட்பட.

பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தரகரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. இந்த வரிசையில் எல்லா வீடுகளும் இரண்டு பக்கமும் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்பவை. இங்கே இருமினால் அங்கே தண்ணீர் குடிப்பார்கள். "இடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வண்டிக்குத்தான இடம்? ஊருக்கு வெளிய பாத்த வீட்டுல ரெண்டு வண்டி தாராளமா நிக்கும்" என்றீர்கள். தரகர் சொன்ன பதிலும் கேட்டது. எங்களிடமும் அவர் அதையேதான் சொன்னார், அதே சிரிப்போடு. அதனால்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன். இருப்பிடமா, பார்க்கிங்கா என்ற கேள்விக்கு இந்தத் தெருவில் என்னைவிட நியாயமாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக ஆகப்போகிறோம். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது.

நான் வேலை பார்ப்பது வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில். இரண்டு வண்டி மோதிக்கொண்டால் யார் மேல் எத்தனை சதவீதம் தப்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். நூறு சதவீதம் தப்பு யார் மேலும் இருப்பதில்லை. நிறுத்தியிருந்த வண்டியில் போய் மோதியவன்கூட, 'அது ஏன் அங்க நின்னுச்சு' என்று கேட்பான். கேட்டுப் பார்த்தால் அதிலும் ஒரு பத்து சதவீதம் நியாயம் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். முதல் ஆள் என்றால் எல்லாவற்றுக்கும் அவள்தான் ஆள். மருந்துச் சீட்டு வந்தால் நான் படிக்க வேண்டும். வங்கியிலிருந்து போன் வந்தால் நான் பேச வேண்டும். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், "இவ்வளவு படிச்சிருக்க, இது தெரியலையா" என்று அம்மா கேட்பார். வீடு வாங்கும் வேலையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

அப்பா டிரைவர். வாழ்நாள் முழுக்க ஒரே முதலாளி, ஒரே கேட், ஒரே ஹாரன். டிரைவர் வேலை என்றால் ஓட்டுவது என்று நினைப்பீர்கள். கிடையாது. அது காத்திருக்கும் வேலை. ஓட்டுவது நடுவில் வரும் இடைவேளை. சிறு வயதில் தூக்குவாளியில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான்தான். அப்பா எங்கே இருப்பார் என்று அம்மா சொல்ல மாட்டார், வண்டி எங்கே நிற்கும் என்றுதான் சொல்வார். வண்டிக்குள் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, ஒரு பருக்கை சிந்தாமல் அப்பா சாப்பிடுவார். முதலாளி கூப்பிட்டால் பாதியில் மூடி வைத்துவிடுவார். அந்த மூடியின் சத்தம் எனக்குப் பிடிக்காது.

முதலாளி வீட்டில் புது வண்டி வாங்கியபோது பழையதை அப்பா வாங்கிக்கொண்டார். அதைக் கொண்டுவந்த அன்று அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனார். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று ஊர் முடிகிற இடத்தில். முன்னால் கூரை போட்ட வண்டிக் கொட்டகை, இரும்புக் கேட். அப்பா அந்தக் கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். விற்கிறவர் பயந்துபோய், "கீல் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். இன்னொன்று இந்த வீடு. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆனால் என் அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். அம்மாவின் முட்டிக்கு ஆஸ்பத்திரி தெரு முனையில். கடை, மருந்து, பேருந்து எல்லாம் கூப்பிடு தூரம். வண்டி நிறுத்த மட்டும் இடமில்லை.

"வண்டிக்கு ஒரு இடம் வேணும்மா" என்றார் அப்பா.

"வண்டி தூங்கறதுக்கா வீடு வாங்கறோம், நாம தூங்கறதுக்கா?" என்றார் அம்மா.

"வெயில்ல நின்னா பெயிண்ட் போயிடும்."

"எனக்கு முட்டியே போயிடுச்சு. உங்களுக்குப் பெயிண்ட்டு."

தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், நீங்க படிச்சவங்க, சொன்னாப் புரியும். லொகேஷன உங்களால மாத்த முடியாது. பார்க்கிங் அப்படி இல்ல. தானா அமையும்."

"எப்படி அமையும்?"

அவர் தெருவைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு வாசலில் கைத்தடி சாய்ந்திருந்தது. இன்னொரு வாசலில் ஒருவர் பேப்பரை மூக்கில் ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் வயசானவங்க மேடம். கொஞ்சம் பொறுமை வேணும். அவ்வளவுதான்."

இதைக் கேட்டு நான் திடுக்கிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும். திடுக்கிடவில்லை. நல்ல வாதமாகத் தோன்றியது. இருப்பிடத்தை மாற்ற முடியாது, அண்டை வீட்டாரை மாற்றலாம். அன்று சாயங்காலமே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தெருவின் வழக்கத்தைத் தரகர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். எதிர்ச்சுவரை ஒட்டி ஏழு வண்டி நிற்கலாம். ஒவ்வொரு இடமும் ஒரு வீட்டுக்கு. பத்திரம் எதுவும் கிடையாது, ஆனால் பத்திரத்தைவிட உறுதி. வண்டி இருக்கும்வரை இடம் அந்த வீட்டுடையது. வண்டியை விட்டுவிட்டால், வண்டி வைத்துக்கொண்டு இடமில்லாமல் தவிக்கிற வீட்டுக்குப் போகும். அப்படித் தவித்தது நாங்கள் மட்டும்தான்.

இன்னொரு வழக்கம், சாவி. சந்து குறுகல். தண்ணீர் லாரி வந்தாலும், யாராவது பீரோ இறக்கினாலும், குறுக்கே நிற்கிற வண்டி நகர வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருப்பார்கள். தேவைப்பட்டால் எடுத்து நகர்த்தலாம். நகர்த்தியதும் மணி அடித்துச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணி இருக்கிறதே, அதற்காகத்தான். வலது பக்க வீட்டுச் சாவி வலது ஆணியில். இடது பக்க வீடு, அதாவது நீங்கள் பார்த்த வீடு, இடது ஆணியில்.

வலது பக்கத்தில் பிரின்சிபால். ஏதோ ஒரு கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். நாங்கள் குடிவந்த அன்று சாவியைக் கொடுக்க வந்தவர் என்னிடம், "எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ. பரவால்ல" என்றார். நெஞ்சில் மீன்முள் மாதிரி அது இன்னும் நிற்கிறது.

வீடு வாங்கினோம், அப்பாவை இழந்தோம். தினமும் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுவார். மூன்று தெரு தள்ளி ஒரு அச்சகத்தின் சுவர் ஓரத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே எந்த நேரமும் இழுவை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். ஆள் உள்ளே இருந்தால் தூக்க மாட்டார்கள். அதனால் அப்பா உள்ளே இருந்தார். காலைப் பேப்பரை அங்கேயே படித்தார், மதியம் அங்கேயே கண்ணயர்ந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனேன். இந்தத் தடவை சூடு ஆறாத டப்பா. மற்றபடி எல்லாம் அதேதான், மடியில் துண்டு உட்பட.

"வீடு வாங்கிக் குடுத்தா மனுஷன் வண்டியில குடித்தனம் பண்றாரு" என்றார் அம்மா. "நான் சொல்லல. பாக்கறவங்க சொல்வாங்க."

ஒருநாள் மூட்டை இறக்குவதற்காக அப்பா வண்டியைச் சந்துக்குள் கொண்டுவந்து பிரின்சிபாலின் காலி இடத்தில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அவர் வந்துவிட்டார். அப்பாவின் வண்டி முகப்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டிரைவர், ஓனர் எந்த வீடு? வண்டியக் கொஞ்சம் எடுப்பா."

"இதோ எடுத்துட்டேன் சார்."

நான் மாடி ஜன்னலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் போனேன். "அவர்தான் சார் ஓனர். எங்க அப்பா."

"அப்படியா? நல்லது" என்றார். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "வண்டிய ரொம்ப நல்லா வச்சிருக்காரு."

அப்பா பூரித்துப்போனார். அன்று முழுக்க அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்தபோது, "தப்பா என்னம்மா சொல்லிட்டாரு? டிரைவர்தான நான்" என்றார்.

கோபத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் எனக்குப் பிறவிக் குணம். தினமும் இருப்பதை ஒரு காரியத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது. நான் ஏழு இடங்களையும் நிதானமாகப் பரிசீலித்தேன். முனை வீட்டுத் துணிக்கடைக்காரரின் மருமகள் கர்ப்பமாக இருந்தாள், அந்த வீட்டைத் தொடக் கூடாது. எனக்கும் மனசாட்சி உண்டு. இடது பக்கத்துப் பல் டாக்டர் தம்பதி இளவயது, இரண்டு பேருக்கும் வேலை, வண்டி அவசியம். பிரின்சிபால் எதற்கு வண்டி எடுக்கிறார் என்று பார்த்தேன். தினமும் காலையில் பூங்காவுக்குப் போகிறார். பூங்காவில் என்ன செய்கிறார்? நடக்கிறார். நடப்பதற்கு வண்டியில் போகிற மனிதர் அவர். அந்த இடம் நியாயமாக யாருக்குச் சேர வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

முதல் தடவை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மதிய நேரம், தண்ணீர் லாரி வந்தது. பிரின்சிபால் உறங்கிக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் அது. சாவியை எடுத்துப் போய் வண்டியைச் சந்தின் கோடியில் விட்டேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து போன். மணி அடிக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் ஜன்னலிலிருந்து பார்த்தால், அவர் காலி இடத்தின் முன்னால் நிற்கிறார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், வண்டி அதற்குள் இருந்தாலும் இருக்கலாம் என்பது போல. கோடி வரை நடந்துபோய்க் கண்டுபிடித்தார். யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, விறைப்பாக வீட்டுக்குள் போய்விட்டார்.

யாரிடமும் கேட்கவில்லை. பரம்பரையாகப் படித்த குடும்பங்களில் இது ஒரு குறை. தொலைத்தாலும் சொல்ல மாட்டார்கள். எங்கள் அப்பாவாக இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு நான் செய்தது அதிகம் ஒன்றும் இல்லை. தெருவின் வழக்கத்தில் முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தேன். வண்டியை நகர்த்த எனக்கு உரிமை இருந்தது. மணி அடிக்கத்தான் மறந்தேன். தொடர்ந்து மறந்தேன்.

அக்கறையோடுதான் செய்தேன். முதலாளி வீட்டு முற்றத்தில் எனக்கு ஓட்டப் பழக்கியவர் அப்பா. ஏறினதும் கண்ணாடி, அப்புறம் பெல்ட், அப்புறம் சாவி. அந்த வரிசை என் கையில் ஊறியது, யோசிக்கவே வேண்டாம். இறங்கும்போது சீட்டைப் பிரின்சிபாலின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளி வைப்பேன். ரேடியோவைத் தொட மாட்டேன். ஒருமுறை கீழே உருண்டிருந்த அவருடைய பேனாவைக்கூட எடுத்து மேலே வைத்தேன்.

சில நாள் வண்டியை அவர் இடத்திலேயே விட்டு, அதன் முகத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். சில நாள் மருந்துக் கடைப் பக்கம். நான் மிகவும் நிறைவாகச் செய்தது பூங்கா. காலையில் அவர் வண்டியில் போய் வண்டியில் திரும்பிவந்தார். மதியம் நான் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பூங்கா வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். நல்ல காற்று.

அன்று சாயங்காலம் பிரின்சிபால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு சின்ன சந்தேகம். காலைல நான் வண்டியில வந்தேனா, நடந்து வந்தேனா?"

"நான் கவனிக்கலீங்களே" என்றார் அம்மா. "கால் வலிக்குதா?"

"வலிக்கல."

"அப்ப வண்டியிலதான் வந்திருப்பீங்க."

அவர் வண்டியில் வரவில்லை என்பதற்குச் சாட்சியாக வண்டி பூங்காவில் நின்றது. மறுநாள் போய் எடுத்துவந்தார். அன்றிலிருந்து அம்மா அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தார். "தனியா இருக்கற மனுஷன். புத்தி வேற தடுமாறுது, பாவம்." நானும் சும்மா இருக்கவில்லை. ஞாபகசக்திக்கு நல்லது என்று பாதாம் வாங்கிக் கொடுத்தேன். மூளைக்கு வேலை கொடுக்கும் புதிர்ப் புத்தகம் ஒன்றும் கொடுத்தேன். இரண்டே நாளில் எல்லாவற்றையும் போட்டு முடித்து, விடைப் பக்கத்தில் இரண்டு தப்பு இருக்கிறது என்றும் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். அது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

விஷயம் தெரிந்து பிரின்சிபாலின் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் என்னைக் கெஞ்சினார். "அக்கா, தயவுசெஞ்சு ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்க இருக்கறதாலதான் எனக்கு நிம்மதி." நரம்பு டாக்டர் ஊரின் அந்தக் கோடியில். பிரின்சிபாலின் வண்டியில், நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வாசலில் ஒரு மின்கம்பத்தின் அருகில் நிறுத்தினேன்.

டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாம்பழம், குடை, ரயில். நடுவில் வேறு கேள்விகள் கேட்டுவிட்டுத் திரும்பக் கேட்டார். பிரின்சிபால் நேராகச் சொன்னார், தலைகீழாகவும் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க வயசுல எனக்கு இப்படி இருந்தா போதும் சார்" என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் உழைப்பு.

அவர் சத்து மாத்திரை வாங்க மருந்துக் கவுன்ட்டரில் நின்றார். நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், வண்டியை எடுத்துக் கட்டடத்தின் பின்பக்கம் விட்டுவிட்டு, தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்தேன். சொன்னதைச் செய்கிறவள் நான். வெளியே வந்ததும் அவர் நேராக மின்கம்பத்தை நோக்கி நடந்தார்.

"சார், வண்டி பின்னாடி நிக்குது."

"முன்னாடிதான நிறுத்தினோம்? இந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல."

"இல்ல சார். பின்னாடிதான்."

அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பின்னால் வந்தார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாம்பழம், குடை, ரயில். மாம்பழம், குடை, ரயில். வீட்டு வாசலில் இறங்கியதும் தன்னிடம் இருந்த சாவியையும் என்னிடம் நீட்டினார். "இதையும் உங்க ஆணியிலயே மாட்டிடுங்கம்மா. நான் இனிமே ஓட்டல."

இந்த விவகாரம் முழுவதிலும் நான் வாய் திறந்து சொன்ன பொய் அந்தப் 'பின்னாடிதான்' ஒன்றுதான். மற்றதெல்லாம் நகர்த்தல்.

மகன் அங்கிருந்தபடியே வண்டியை விற்க ஏற்பாடு செய்தார். இடம் எங்களுக்கு வந்தது. அப்பா தன் வண்டியை உள்ளே கொண்டுவந்து, இறங்கி, சுற்றி வந்து பார்த்து, மறுபடி ஏறி, ஒரு சாண் பின்னால் எடுத்து, மறுபடி இறங்கிப் பார்த்தார். "நம்ம வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியுதும்மா" என்றார். அன்று அப்பா வீட்டுக்குள், மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மடியில் துண்டை விரித்துக்கொண்டார், பழக்கதோஷம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். வேலைக்குப் போன காலத்துச் சட்டை.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"சாரைப் பார்க்ல விட்டுட்டு வரேன். பாவம், அவரு எப்படிப் போவாரு? நமக்கு இடம் குடுத்த மனுஷன்."

ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்பா தன் சொந்த வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிரின்சிபால் ஏறினார். பூங்காவில் அவர் நடந்து முடிக்கும்வரை அப்பா வண்டிக்குள் காத்திருந்தார். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாள் பூங்கா முடிந்து நூலகம். முன்பாவது அப்பாவுக்குச் சம்பளம் வந்தது. இப்போது சொந்த வண்டி, சொந்த பெட்ரோல், சம்பளமில்லாத டிரைவர்.

"உங்களுக்கு என்னப்பா தலையெழுத்து?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தா எனக்குக் காலு மரத்துப்போவுதும்மா. அதோட, முதலாளி அத்தனை வருஷத்துல எங்கிட்ட வலது, இடது, நிறுத்து, இது மூணுதான் பேசினாரு. இவரு வாய் ஓயாமப் பேசறாரு. நேத்து சூரியனப் பத்திச் சொன்னாரு. உனக்குத் தெரியுமா, அதுவும் நகருதாம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "முன் சீட்டுலதான் உக்கார வைக்கறேன். பின்னாடி உக்காந்தா எம் பொண்ணு கோவிச்சுக்கும்னு சொல்லிட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போனேன். வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு, டயருக்குக் காற்று பிடிக்க அப்பா இறங்கினார். நான் பின் சீட்டில் இருந்தேன். முன் சீட்டிலிருந்து பிரின்சிபால் திரும்பாமலே பேசினார்.

"கண்ணாடிய ஒரு தடவையாவது பழையபடி வச்சிருக்கலாம்மா."

"எந்தக் கண்ணாடி சார்?"

"என் வண்டிக் கண்ணாடி. நீங்க என்னைவிட ஒரு சாண் குட்டை. சீட்ட ஒழுங்காத் தள்ளி வச்சீங்க. கண்ணாடிய விட்டுட்டீங்க. ஒவ்வொரு தடவையும் பாத்தா பின்னாடி ரோட்டுக்குப் பதிலா பின் சீட்டுதான் தெரியும்."

ஏறினதும் முதலில் கண்ணாடி. டிரைவர் வீட்டுப் பெண் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

"எப்பலேர்ந்து தெரியும் சார்?"

"ரெண்டாவது தடவையே."

"அப்ப ஏன் சொல்லல?"

"என் பையன் மாசத்துக்கு ஒரு போன் பண்ணிட்டு இருந்தான். வண்டி காணாமப் போக ஆரம்பிச்சதும் தினமும் ஒரு போன். உங்க அம்மா சாப்பாடு வேற. எனக்கு என்ன நஷ்டம்?" சிரித்தார். "காலைல எழுந்தா, இன்னிக்கு எங்க ஒளிச்சு வச்சிருக்கும் இந்தப் பொண்ணுன்னு ஒரு சுவாரசியம். பார்க் வாசல்ல விட்டீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. நான் ஒரு கௌரவமான குற்றம் செய்துகொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் அதைக் கண்ணாமூச்சி ஆக்கி வைத்திருந்தார்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்னிக்குத்தான் விளையாட்டு போச்சு. அன்னிக்கு நீங்கதான ஓட்டிட்டு வந்தீங்க. கண்ணாடி ஏற்கெனவே உங்களுக்குத் தோதாத்தான் இருந்துச்சு. அத வச்சு எனக்குக் கண்டுபிடிக்க முடியல. அந்தக் கம்பம் இப்பவும் கண்ணுல நிக்குது. ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறேன். நான் கோவிச்சுக்க மாட்டேம்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். முன்னாடியா, பின்னாடியா? அது மட்டும் சொல்லுங்க."

அப்பா காற்றுக் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, ஆனால் யோசிப்பதுதான் என் தொழில். முன்னாடி என்று சொன்னால் அவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஒன்றுமில்லாத மனிதர் ஒரு வண்டி வாங்குவார். வண்டி வந்தால் பழைய இடத்தை மரியாதைக்காகவாவது அப்பா விட்டுக்கொடுப்பார். அப்பா மறுபடி அச்சகத்துச் சுவரோரம் உட்காருவார், நான் மறுபடி டப்பாவோடு நடப்பேன். ஒரு வார்த்தையில் இத்தனையும் இருந்தது.

"பின்னாடிதான் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அப்பா கதவைத் திறந்து ஏறினார். "என்ன சார், எம் பொண்ணோட பேச்சு பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றார் பிரின்சிபால். "ஒரு விஷயம் கேட்டேன். நான்தான் மறந்துட்டேன்."

அன்றிலிருந்து அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. அப்பாவுக்கு அதுதான் வருத்தம். சூரியனைப் பற்றி இப்போது அப்பாதான் அவருக்குச் சொல்லிக்கொண்டு போகிறார்.

தப்பைப் பிரித்துப் பார்த்தேன். பிரின்சிபாலுக்கு எழுபது, எனக்கு முப்பது என்றுதான் முதலில் வைத்திருந்தேன். ஆனால் அவருக்கு எல்லாம் தெரிந்தே நடந்தது என்று ஆனபிறகு, என் பங்கைக் குறைப்பதுதான் முறை. தரகருக்கும் கொஞ்சம் போக வேண்டும். எனக்கு இப்போது பத்து சதவீதம். அதையும் பாதாமில் கழித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாங்கிக் கொடுக்கிறேனே.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் பதில், இருப்பிடம். யோசிக்காமல் வாங்குங்கள். பல் டாக்டர் தம்பதி ஏன் விற்கிறார்கள் என்று தரகர் சொல்லியிருப்பார். பிரிகிறார்களாம். வண்டியை எங்கே நிறுத்தினாய் என்று கணவனும், நான் எடுக்கவே இல்லை என்று மனைவியும், ஓயாத சண்டை. ஒரே சுவர் அல்லவா, எல்லாம் கேட்கும். நல்ல ஜோடி, கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அவர்கள் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு வண்டி நிற்கிறதே, யாருடையது என்று தரகரிடம் கேட்டீர்கள். என்னுடையதுதான். அப்பா அவருடைய வண்டியில் பிரின்சிபாலோடு போய்விடுகிறார், எனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. வீடு காலியாகக் கிடப்பதால் அங்கே விட்டிருக்கிறேன். நீங்கள் குடிவந்த அன்றே எடுத்துவிடுவேன், அதில் பேச்சே இல்லை. இடம் உங்களுடையது.

வரும்போது மாற்றுச் சாவியை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். இடது பக்கத்து ஆணி காலியாகத்தான் இருக்கிறது.